குமரி நாவல்களில் மரம் யாருக்குச் சொந்தம்?

கேள்வி கேட்டவர் நாகர்கோவிலில் தமிழ் முதுகலை படிக்கும் மாணவி. அவர் கேட்பதன் சுருக்கம் இது: நாகர்கோவில் 2019இல் மாநகராட்சி ஆகிவிட்டது. வயல்கள் மனைகளாகின்றன. இயற்கையைக் கிராமத்துக் கதைகளில்தான் தேட வேண்டியிருக்கிறது. அப்படியிருக்க, இந்த நவீன நகரத்தின் இலக்கியத்தில் இயற்கையும் பண்பாட்டு அடையாளமும் என்று ஓர் ஆய்வேடு எழுத முடியுமா? முடியுமென்றால் எங்கிருந்து தொடங்குவது?

தாராளமாக எழுதலாம். ஆனால் கேள்விக்குள் ஒரு முன்முடிவு ஒளிந்திருக்கிறது. முதலில் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். நகரம் ஒரு பக்கம், இயற்கை மறுபக்கம் என்ற பிரிவினை நம் கன்னியாகுமரி மாவட்டத்து எழுத்துக்குப் பொருந்தாது. இங்கே ஒரு மரத்தை நாயகனாக்கிய நாவல் காட்டில் நடக்கவில்லை, கடைத்தெருவில் நடக்கிறது. என் கட்சி என்னவென்றால், குமரி எழுத்தில் இயற்கை வருணனையாக வரும் பக்கங்களை வாசகர்கள் சீக்கிரம் மறந்துவிடுகிறார்கள். அது வழக்காக வரும் பக்கங்கள்தான் மனத்தில் நிற்கின்றன. இந்த மரம் யாருக்கு, இந்தக் குளம் யாருக்கு, இந்தக் கரையில் யார் இறங்கலாம் என்று ஒரு தகராறு கிளம்பும்போதுதான் பாத்திரங்களின் சாதி, மதம், தொழில், ஊர்ப்பற்று எல்லாம் வெளியே வருகின்றன. அடையாளத்தை அங்கே தேடுங்கள். சூரியோதய வருணனைகளில் கிடைக்காது.

சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'யிலிருந்து தொடங்குவதுதான் முறை. 1966இல் நூலாக வந்தது. முச்சந்தியில் நிற்கும் ஒரு புளியமரம். ஒரு காலத்தில் அதைச் சுற்றிக் குளம் இருந்தது. தாமோதர ஆசான் என்ற கிழவர் இளவட்டங்களை உட்காரவைத்துப் பழங்கதை சொல்கிறார். குளம் தூர்ந்த கதையும் அவர் சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது. மகாராஜா அந்த வழியாக எழுந்தருளியபோது குளத்தின் நாற்றம் அவர் மூக்கை எட்டிவிட்டது. அதோடு குளத்தின் கதை முடிந்தது. இந்த இடத்தில் சற்று நின்று படியுங்கள். தாமரை பூத்த தெளிந்த குளத்தை யாரோ பாவி மூடிவிட்டான் என்று அழுவது சுந்தர ராமசாமிக்கு எவ்வளவு எளிதாக இருந்திருக்கும்! அவர் அப்படி எழுதவில்லை. அது நாறிய குளம். மூடியதற்குக் காரணமும் ஊர்நலம் அல்ல, ராஜ மரியாதை. இரண்டு பக்கமும் கண்ணீருக்கு இடம் கொடுக்காத நையாண்டி அது. இந்த நாவலைப் 'பசுமை இலக்கியம்' என்ற அலமாரியில் வைக்க அவசரப்படுகிறவர்கள் அந்தக் குளத்தை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து காற்றாடி மரத் தோப்பு. ஊருக்குப் பூங்கா வேண்டும் என்று தோப்பை வெட்டுகிறார்கள். வேடிக்கை பார்க்கிறவர்களில் ஒருவருக்கு விஷயம் விளங்கவில்லை. பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுக்கொண்டே போகிறார். மரத்தை வெட்டுவது செடி வைப்பதற்கு என்று பதில் வருகிறது. செடி எதற்கு என்றால் காற்றுக்கு. மரத்தைவிடவா செடி காற்றுத் தரும் என்றால், அழகுக்கு. செடி வளர்ந்து மரமாகிவிடாதா என்றால், வளரவிடாமல் வெட்டிக்கொண்டே இருப்பார்களாம். நாகர்கோவில் பேச்சில் அந்த உரையாடலை மூலத்தில் படியுங்கள். நகராட்சி நவீனத்தைப் பற்றி அரை நூற்றாண்டில் எழுதப்பட்ட கட்டுரைகள் சொல்லாததை அந்த இரண்டு பேர் சொல்லிவிடுகிறார்கள். கேட்பவர் இயற்கை ஆர்வலர் அல்லர், கொள்கை எதுவும் அவருக்கு இல்லை. கணக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். அந்தக் கணக்குப் புத்தியும், முகம் மாறாமல் எதிராளியை மூலைக்குத் தள்ளும் கேலியும் நாஞ்சில் நாட்டுக்காரரின் அடையாளம் என்று சொன்னால் இந்த ஊரில் யாரும் மறுக்கமாட்டார்கள். ஆக, ஒரு தோப்பு வெட்டப்படும் காட்சியில்தான் ஊரின் குணம் பதிவாகிறது.

கடைசியில் புளியமரத்தின் முறை வருகிறது. கடைக்காரர்களின் போட்டி, நகராட்சித் தேர்தல், பத்திரிகைக்காரனின் கைவரிசை என்று எல்லாம் அந்த மரத்தின்மேல் வந்து ஏறுகின்றன. மரம் வெட்டப்பட வேண்டும் என்பவர்களுக்கும் கூடாது என்பவர்களுக்கும் மரத்தைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது. அது திடீரென்று தெய்வமாக்கப்படுகிறது. பிறகு விஷம் வைத்துக் கொல்லப்படுகிறது. நின்றதும் காய்த்ததும் தவிர அது வேறெந்தக் குற்றமும் செய்யவில்லை. சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில் திருவிதாங்கூரின் ஒரு மூலையில் இருந்த ஊர், கடையும் கட்சியும் பத்திரிகையும் கொண்ட நகரமாக மாறிய வரலாற்றை எழுத அவருக்கு ஒரு மரமே போதுமாக இருந்தது.

மரம் தெய்வமாவதைப் பற்றி ஒரு வார்த்தை. வெளியூர் வாசகர்கள் அதை வெறும் அரசியல் தந்திரமாகப் படிக்கிறார்கள். தந்திரம்தான். ஆனால் அந்தத் தந்திரம் இந்த மண்ணில் பலிக்கக் காரணம் இருக்கிறது. நாகர்கோவிலுக்குப் பெயர் கொடுத்த நாகராஜா கோவிலில் மூலவருக்கு மேலே இன்றும் ஓலைக்கூரைதான். ஆண்டுதோறும் ஓலையை மாற்றிக் கட்டுகிறார்கள். கருவறையில் ஊறும் ஈர மண்தான் பிரசாதம். மாநகராட்சியின் நடுவில், நகைக்கடை விளம்பரப் பலகைகளுக்குக் கூப்பிடு தூரத்தில், கைநிறைய மண் வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டு ஜனங்கள் பஸ் ஏறுகிறார்கள். மண்டைக்காட்டில் பகவதியே புற்றுதான். அதற்குச் சந்தனம் சார்த்தி வழிபடுகிறார்கள். அதே மண்டைக்காட்டில் 1982இல் இந்து–கிறிஸ்தவக் கலவரம் வெடித்தது. பொன்னீலனின் 'மறுபக்கம்' அந்தக் கலவரத்தைத் தோண்டிப் பார்க்கும் பெரிய நாவல். கோவிலுக்கு வருகிறவர்களுக்கு அந்தக் கடல் நீராடுதுறை. கரையில் குடியிருக்கிறவர்களுக்கு அது தொழில் செய்யும் இடம், பிழைப்பு. ஒரே கடற்கரை இரண்டு பேருக்கு இரண்டு விதமாகப் புனிதமாக இருந்தால் என்ன நடக்கும் என்பதை இந்த மாவட்டம் ரத்தம் சிந்தித் தெரிந்துகொண்டது. 'இயற்கையோடு இயைந்த வாழ்வு' என்று ஆய்வேட்டில் எழுதக் கை போகும்போது மண்டைக்காட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறி, திணைக் கோட்பாடு, அதாவது நிலத்தை மலை, காடு, வயல், கடல் என்று வகுக்கும் சங்க மரபு. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் நான்கும் கொண்ட மாவட்டம் என்று இங்கே எந்த மேடையிலும் யாராவது ஒருவர் சொல்லாமல் இறங்கமாட்டார். பொய் இல்லை. காலையில் பேச்சிப்பாறையில் இருந்துவிட்டு மாலையில் மணக்குடிக் கழிமுகத்தில் நிற்கலாம். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே மழை தருவதால் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல். ஆனால் ஆய்வேட்டை நான்கு இயலாகப் பிரித்து, இயலுக்கொரு திணை, திணைக்கொரு நாவல் என்று அடுக்கிவிட்டால் நூல்கள் செத்துவிடும். ஏனென்றால் நம் நாவலாசிரியர்கள் எழுதியது திணை கலைந்த நிலத்தை. குறிஞ்சியில் ரப்பர் ஏறிவிட்டது. மருதத்தில் எல்லைக்கல் நட்டாயிற்று. 'பழைய மருதம்' என்று நாம் பெருமூச்சு விடும் நாஞ்சில் வயலும் அவ்வளவு பழையதல்ல. 1906இல் முடிந்த பேச்சிப்பாறை அணை இல்லையென்றால் அந்தப் பசுமையின் பரப்பே வேறாக இருந்திருக்கும். அதற்கும் முன்பே பறளியாற்று நீரைப் பழையாற்றுக்குத் திருப்பிவிட்ட 'பாண்டியன் கால்' என்ற கால்வாய் இருந்தது. இங்கே வயல் என்பதே வெட்டி, கட்டி, திருப்பி உண்டாக்கிய பொருள். நீர் திருப்பப்பட்ட கணம் முதல் யாருக்கு எவ்வளவு என்ற சண்டையும் உண்டு.

அந்த வயல் யாருக்குப் போகும் என்பதை வைத்து எழுதப்பட்டதுதான் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்'. தேரூர்க்காரரான அவரைப் பள்ளிப் புத்தகங்கள் பசுவும் கன்றும் பாடிய கவிஞராகச் சுருக்கிவிட்டன. ஆனால் மான்மியம் கசப்பும் நகைப்பும் நிறைந்த நூல். சொத்து மகனுக்குப் போகாமல் மருமகனுக்குப் போகும் முறையில் ஒரு மனைவி படும் பாட்டை அவள் வாயாலேயே சொல்ல வைக்கிறார். 1926இல் வந்த சட்டத்தோடு அந்தத் தாயமுறை ஓய்ந்தது. உங்கள் ஆய்வுக்கு இது முன்னுரை நூல், இயலாக்க வேண்டியதில்லை.

நாஞ்சில் நாடு என்பது தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டாரம் மட்டும்தான் என்பதையும் கவனியுங்கள். கல்குளம், விளவங்கோடு பக்கம் போனால் வயலுக்கு ஏலா என்பார்கள். மேட்டு நிலம் விளை. தட்டில் சோற்றின் இடத்தில் மரச்சீனிக் கிழங்கும் மீனும் இருக்கும். நாஞ்சில் நாட்டுக் குரலை மாவட்டத்தின் குரலாக எடுத்துக்கொள்வது ஆய்வாளர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

அந்த மேற்குப் பகுதியின் முதல் பெரும் சாட்சி ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு', 1964. பனைவிளை என்ற ஊர். நிலமும் பனையும் உடைய, ஆனால் நொடித்துப்போன கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண் லிஸி. பனையேறியின் மகன் தங்கராஜ். இருவரும் கும்பிடுவது ஒரே தெய்வத்தை. நடுவில் நிற்பது பனை. அதை உடையவர், அதில் ஏறுகிறவர் என்ற பிளவு.

பனையேற்றத்தின் ஒழுங்கு தெரியாமல் இந்த நாவலைப் படித்தால் பாதிதான் கிடைக்கும். பாளையை இடுக்கிப் பதப்படுத்தி, நுனியை மெல்லிய சீவலாகச் சீவி, கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்ட வேண்டும். சுண்ணாம்பு இருந்தால் ஊறுவது அக்கானி, அதாவது பதநீர். இல்லாவிட்டால் புளித்துக் கள்ளாகும். காலையும் மாலையும் ஏறாவிட்டால் பாளை அடைத்துக்கொள்ளும். இறக்கிய அக்கானியைப் பெண்கள் அடுப்பேற்றிப் புகையில் நின்று கிண்டினால் கருப்பட்டி. அதாவது, ஏறுகிறவன் ஒரு நாள் நின்றால் உடையவனின் மரம் வெறும் தூண். இருந்தும் மேல்கை உடையவனுக்கே. இந்த முரண் நாவலில் ஓரிடத்திலும் பிரசங்கமாகச் சொல்லப்படவில்லை. ஒரு வீட்டுத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் முற்றத்தோடு நின்றுவிட வேண்டும் என்பதில் தெரிகிறது. ஆங்கிலப் பேராசிரியரான ஹெப்சிபா உலக நாவல்களைக் கரைத்துக் குடித்தவர். ஆனால் வாக்கியங்களில் அதன் மிடுக்கு துளிகூட இல்லை. மாவட்டத்து நாவல்களில் எனக்கு மிக நெருக்கமானது எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன், புளியமரம் அடுத்தபடி.

பனைக்குப் பிறகு ரப்பர். ஜெயமோகனின் 'ரப்பர்' 1990இல் வந்தது. வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் திருவிதாங்கூர் மலைச்சரிவுகளுக்குக் கொண்டுவந்த மரம், மெல்ல மெல்லச் சிறு விவசாயியின் விளைவரை இறங்கியது. அதன் வேலைமுறையே வேறு. விடியுமுன் குளிரில் பட்டையைச் சீவினால்தான் பால் நன்றாக வடியும். சிரட்டையில் சேர்ந்ததை ஆசிட் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, புகையில் உலர்த்தி விற்கிறார்கள். தின்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. பலாவும் அயினியும் மாவும் வாழையும் மிளகுக் கொடியுமாக இருந்த விளையில் பசிக்குப் பறிக்க ஏதாவது இருந்தது. ரப்பர் விளையில் சந்தை விலை மட்டுமே விளைகிறது. அந்த விலைதான் மேற்குக் குமரியில் ஓலை வீட்டைக் காங்கிரீட் வீடாக்கியது, பிள்ளைகளைப் படிக்க வைத்தது. நேர்மையான ஆய்வு இரண்டையும் எழுத வேண்டும். நாவலும் ஒரு குடும்பத்தின் ஏற்றத்தையும் சிதைவையும் ஒரே மரத்தில் வைத்துத்தான் சொல்கிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது இந்த விளைகளில் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக முறிந்து விழுந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த நாவல் இன்னொரு முறை புரிந்திருக்கும்.

அவருடைய 'காடு' 2003. கிரிதரன் என்ற இளைஞன் மலைக்குள் போகிறான். நீலி என்ற மலைப்பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். கபிலரின் குறிஞ்சிப் பாட்டுகள் அவன் கண்முன் உயிர் பெறுகின்றன. இவ்வளவையும் எல்லோரும் எழுதிவிட்டார்கள். நீங்கள் எழுத வேண்டியது வேறு. அவன் காட்டுக்குள் எதற்காகப் போனான்? சாலையின் குறுக்கே கல்வெர்ட்டு என்ற சிறு பாலம் கட்டும் காண்டிராக்ட் வேலைக்காக. சங்கக் கவிதையை மனப்பாடமாக வைத்திருக்கும் அதே கைதான் சிமெண்ட் மூட்டைக் கணக்கு எழுதுகிறது. காட்டை வியக்கிறவனும் காட்டுக்குள் நகரத்தை அழைத்து வருகிறவனும் ஒருவனே. தமிழ் நவீன எழுத்தில் இயற்கை நேசத்தின் உள்முரண் இவ்வளவு பச்சையாக வேறெங்கும் வைக்கப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. நாவலின் மற்ற பகுதிகளில் வருணனை சற்றே கூடுதல் என்பது என் அபிப்பிராயம். ரசிகர்கள் அடிக்க வருவார்கள்.

கடற்கரைக்கு வந்தால் தோப்பில் முஹம்மது மீரான். தேங்காப்பட்டணம் அவர் ஊர். மலையாள வழியில் படித்தவர். அவருடைய தமிழில் அரபும் மலையாளமும் ஊர்ப்பேச்சும் கலந்து ஓடும். 1988இல் வந்த 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் ஆங்கிலப் பள்ளிக்கூடம் ஊருக்குள் வருவதை எதிர்க்கும் அகமதுக்கண்ணு முதலாளிக்குத் தென்னந்தோப்பும் பள்ளிவாசலும் ஊராரின் வணக்கமும் எல்லாம் ஒரே சொத்துப் பத்திரத்தில் எழுதப்பட்டவை. 'சாய்வு நாற்காலி' 1997இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. அங்கே கடலை விட வீடுதான் நாயகன். விற்று விற்றுத் தீர்க்கப்படும் மரச்சாமான்களில் ஒரு தறவாட்டின், அதாவது பழைய பெருங்குடும்பத்தின், சரிவு எழுதப்படுகிறது. காட்டில் வெட்டிய மரம் நாற்காலியாகி, அந்தஸ்தாகி, கடைசியில் பழைய சாமான் விலைக்குப் போகிறது. இதையும் இயற்கை என்ற தலைப்பின் கீழ் எழுதலாமா என்று தயங்காதீர்கள்.

கடலில் இறங்குகிறவர்களின் குரல் அச்சுக்கு வரக் காலதாமதமாயிற்று. பேராசிரியர் வறீதையா கான்ஸ்தந்தின் போன்றவர்களின் கட்டுரைகளைச் சேர்த்துக்கொள்ளாமல் நெய்தலைப் பற்றி எழுதினால் கரையில் நின்று எழுதியதாகவே இருக்கும். 2004 சுனாமிக்கும் ஒக்கிக்கும் பிறகு அந்த எழுத்தின் தொனியே மாறியிருக்கிறது. கடல் அன்னை என்ற பேச்சு குறைந்து, தேட வராத அரசு, எல்லை தெரியாத படகு, வீடு திரும்பாத ஆட்கள் என்று கணக்குக் கேட்கும் தொனி வந்திருக்கிறது. அதே போல மலர்வதியின் 'தூப்புக்காரி'யையும் விட்டுவிடாதீர்கள். 2012இல் இளம் எழுத்தாளர்களுக்கான சாகித்ய அகாதெமியின் யுவ புரஸ்கார் பெற்ற நாவல். நகரத்தின் கழிவை அள்ளுகிறவள் அதில் நடுநாயகம். புளியமரத்துக் குளத்தின் நாற்றத்துக்கு அரை நூற்றாண்டு கழித்து ஒரு மறுமொழி போல இருக்கிறது. நகரத்து இயற்கையில் சாக்கடையும் சேர்த்திதானே.

நகரம் என்றால் நாகர்கோவில் மட்டும்தானா? இந்த மாவட்டத்தின் இன்னொரு நகரம் பம்பாய். நாஞ்சில் நாடன் அங்கே வேலை பார்த்துக்கொண்டு எழுதியவர். 1977இல் வந்த 'தலைகீழ் விகிதங்கள்' ஊரில் நடக்கிறது. 'மிதவை'யும் 'சதுரங்கக் குதிரை'யும் பிழைக்கப் போனவனின் கதைகள். புகைவண்டி நெரிசலிலும் வாடகை அறையிலும் இருக்கும் அவனுக்கு ஊர் நினைவில் வருவது நிலக்காட்சியாக அல்ல. மீன்குழம்பில் அரைத்துச் சேர்த்த தேங்காயாக, இன்ன வாழை என்று தோலைப் பார்த்தே சொல்லிவிடும் அறிவாக வருகிறது. மட்டி, செந்துளுவன், பேயன், ரசகதலி, ஏத்தன் என்று வாழைக்கு வாழை பெயர் தெரிந்திருப்பதுதான் இந்த மக்களின் குலச்சின்னம். 'பழம்' என்று ஒற்றைச் சொல்லில் விற்கும் நகரத்தில் அந்த அறிவுக்கு வேலையில்லை. மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ச்சிதான். மட்டியை வைக்க விளை எவ்வளவு மிச்சம் என்பது தனிக் கேள்வி.

இனி நடைமுறைக்கு வருவோம். 2022இல் சுசீந்திரம்–தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அந்தக் குளங்களை ஒட்டிய வயல்களில் ஒரு நடை போய்ப் பாருங்கள். ஒரு வயலில் செம்மண் அடித்து உயர்த்தியிருப்பார்கள். நான்கு மூலையிலும் மஞ்சள் பூசிய கல். மண் அடித்ததால் ஓடை அடைபட்டு, பக்கத்து வயலில் மறுகால் தண்ணீர் வடியாமல் நெல் அழுகும். அழுகிய நெல்லுக்காரர் இரண்டு போகம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரும் செம்மண் அடிப்பார். வயல் இப்படி ஒன்றன்பின் ஒன்றாகப் போவதன் பொறிமுறை இது. யாரையும் வில்லனாக்க முடியாது, யாரையும் விட்டுவிடவும் முடியாது. இதைப் புளியமரத்துக் கதையின் நையாண்டியோடு எழுதிய நாவல் என் கண்ணில் இன்னும் படவில்லை.

ஆய்வேட்டுக்கு எல்லா நூல்களையும் அள்ளாதீர்கள். 'புளியமரம்', 'புத்தம் வீடு', 'ரப்பர்' மூன்றையும் எடுத்துக்கொண்டு, மூன்றிலும் மரம் யார் பெயரில் இருக்கிறது, யார் ஏறுகிறார்கள், யார் வெட்ட உத்தரவிடுகிறார்கள், விலை யார் கைக்குப் போகிறது என்று இந்த நான்கை மட்டும் பக்க எண்ணோடு குறித்துக்கொண்டு வாருங்கள். அ.கா. பெருமாளின் நாட்டார் வழக்காற்று நூல்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் கோவில், தாயமுறை, நீர்ப்பாசனம் பற்றிய சந்தேகங்கள் தீரும். கோட்பாட்டு நூல்களைப் பிறகு படிக்கலாம். வழிகாட்டி பேராசிரியர் எப்படியும் கேட்பார்.